கட்டியின் அளவும் கதிரின் அளவும்

(மும்பை வடாலாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புற்றுக்கட்டியின் அளவையும் கதிரின் அளவையும் பற்றி வடாலாவில் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நமக்குக் கிழக்கே ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். தென்மேற்கே பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை. சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் 1941 பிப்ரவரி 28 அன்று திறந்த அந்த ஆஸ்பத்திரி, 1962இல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அணுசக்தித் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றும் கேட்கிறார்கள். மருத்துவ இயற்பியலே தொழிலாக இருந்த என்னிடம் அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கதிரைப் பற்றிய படிப்பு அங்கே, கதிர் தேவைப்படுகிறவர் இங்கே, இரண்டுக்கும் நடுவில் நம் பேட்டை.

தலை, கழுத்துப் புற்றுநோய் என்று நாங்கள் ஒரே பெயரில் அடக்குவது உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, தொண்டை, குரல்வளை எல்லாவற்றையும்தான். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுதான் முதலிடம். உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2020இல் இந்தியாவில் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள், ஆண் பெண் இருபாலரும் சேர்த்து, 1,35,000 பேருக்கு மேல். ஏன் என்பதற்கு நீங்கள் வெளியே போய்த் தேட வேண்டாம். மாவா, கைனி, பாக்கு, பீடி. நம் வீட்டுப் பாட்டிமார் சிலர் இங்கே வந்த பிறகு பழகிக்கொண்ட மிஷ்ரி என்ற வறுத்த புகையிலைப் பொடி. மகாராஷ்டிரத்தில் 2012இலேயே குட்கா தடையாகிவிட்டது. தடைச் சட்டத்தைக் கடைக்காரர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பது இந்த அவைக்குத் தெரியும்.

நோயாளியின் வீட்டார் எங்களிடம் முதலில் கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜ் சார்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். "எத்தனை சிசி?"

ஸ்டேஜ் எழுதும் முறையில் 'டி' என்றொரு எழுத்து வரும். வாய்ப்புற்றில் இரண்டு சென்டிமீட்டர் வரை டி-1. இரண்டிலிருந்து நாலு வரை டி-2. நாலுக்கு மேல் டி-3. இப்போது ஆழத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அது நல்ல திருத்தம். ஆனாலும் அடிப்படையில் இது நீளத்தை அளக்கிற கணக்கு. கதிருக்கு நீளம் பெரிய பொருட்டில்லை. உள்ளே எத்தனை உயிரணுக்கள் இருக்கின்றன என்பதுதான் பொருட்டு. நம் ஆட்கள் கட்டியைக் காயாகத்தான் சொல்வார்கள்: நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு. நெல்லிக்காய் மாதிரி இரண்டு சென்டிமீட்டர் உருண்டை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 4 கன சென்டிமீட்டர், அதாவது 4 சிசி. எலுமிச்சை மாதிரி நாலு சென்டிமீட்டர் உருண்டையின் கொள்ளளவு 33. குறுக்களவு இரண்டு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு. இரண்டும் டி-2-இன் இரண்டு கரைகள். இன்னொரு பக்கம், கன்னத்தின் உட்புறம் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு, மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு, அரை சென்டிமீட்டர் தடிமனில் படர்ந்த புண்ணின் கொள்ளளவு மூன்று சிசிதான் வரும். அதாவது பார்வைக்கு எலுமிச்சை, கணக்கில் நெல்லிக்காயைவிடச் சிறிது.

இந்த சிசி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நோயாளியைப் படுக்கவைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் இழுத்து அழுத்தினால் சில நிமிடங்களில் அது முகத்தின் அச்சாக இறுகிவிடும். அதுதான் மாஸ்க். அதைப் போட்டபடியே சி.டி. ஸ்கேன். பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படமாகக் கழுத்து முழுக்க எடுத்து, அந்தப் படங்களை டாக்டர் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டியின் ஓரத்தைக் கோடு போட்டு மூடுவார். படத்துக்குப் படம் அந்தக் கோடு விரியும், சுருங்கும், சில இடத்தில் தாடை எலும்புக்குள் நுழையும். வரைந்து முடித்ததும் எல்லாக் கோடுகளுக்கும் உள்ளே இருப்பதைக் கணினி கூட்டி ஓர் எண் காட்டும். அந்த எண் ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சைத் திட்டத்திலும் இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் அதை எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்பாரில்லை.

சரி, அந்த எண் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு காகிதக் கணக்குப் போடுவோம். ஒரு சிசி கட்டியில் நூறு கோடி உயிரணுக்கள் என்பது பாடப்புத்தகத்தின் தோராயக் கணக்கு. வழக்கமான கரண்ட் (கதிர் சிகிச்சையை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்) ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே; கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. ஒவ்வொரு சிட்டிங்கிலும் பாதி உயிரணுக்கள் செத்து, பாதி தப்பிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சிட்டிங் முடிந்தால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும். முப்பது முடிந்தால் நூறு கோடியில் ஒன்று. முழுக் கோர்ஸ் 35 சிட்டிங், 70 கிரே, ஏழு வாரம். இந்தக் கணக்கில் நூறு நெல்லிக்காய்க் கட்டிகளில் 88, கடைசி அணுவரை அழிந்துவிடும். நூறு எலுமிச்சைக் கட்டிகளில் 38தான் அழியும். கதிர் அதே, மெஷின் அதே, டாக்டர் அதே.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எட்டு மடங்கு என்பது மூன்று முறை இரட்டிப்பு. ஆகவே எலுமிச்சைக்கு மூன்று சிட்டிங் கூடுதலாகக் கொடுத்தால் நெல்லிக்காய்க்குக் கிடைத்த பலன் கிடைத்துவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி ஆவதில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, சுற்றியிருக்கிற உடம்பு. தாடை எலும்பு, விழுங்கும் தசைகள், உமிழ்நீர்ச் சுரப்பிகள், முதுகுத்தண்டின் நரம்பு. இவை தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு. முதுகுத்தண்டில் சுமார் 45 கிரேயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எங்களுக்குப் பாலபாடம். கட்டி பெரிதாகப் பெரிதாக இவற்றின் பக்கத்திலேயே வந்து உட்காரும். 70 கிரேக்குமேல் கூட்டினால் கட்டி அழிந்தும் நோயாளி விழுங்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது காரணம் பிராணவாயு. லண்டனில் தாம்லின்சனும் கிரேயும் 1955இல் நுரையீரல் புற்றின் வெட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒன்றைக் காட்டினார்கள். (கதிரின் அளவை இப்போது அந்த கிரேயின் பெயரால்தான் சொல்கிறோம்.) அவர்கள் கண்டது இது: இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் போனாலே அணுக்கள் மூச்சுமுட்டிச் செத்துக் கிடக்கின்றன. செத்தவை போகட்டும். அந்த ஓரத்தில் சாகாமல், பிராணவாயு குறைவாக உயிரோடிருக்கும் அணுக்கள்தான் தொல்லை. அவற்றைக் கொல்ல சாதாரண அணுவுக்குத் தேவையானதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு கதிர் வேண்டும். பெரிய கட்டி தன் இரத்த ஓட்டத்தைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. அதனால் பெரிய கட்டியில் அணுக்கள் அதிகம் என்பது மட்டுமில்லை, முரட்டு அணுக்களும் அதிகம்.

காகிதத்தை விட்டு நோயாளிக்கு வருவோம். குரல்நாணுக்கு மேற்புறம் வரும் குரல்வளைப் புற்றைக் கதிரால் மட்டுமே சிகிச்சை செய்தவர்களை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மான்குசோவும் சகாக்களும் ஸ்கேனில் அளந்து பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். 6 கன சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்த கட்டிகளில் 89 சதவீதம் அடங்கின. அதற்குமேல் இருந்தவற்றில் 52. குரல்வளையில் 'டி' எழுத்தைப் பெரும்பாலும் குரல்நாண் அசைகிறதா, எந்தப் பகுதிவரை பரவியிருக்கிறது என்பதை வைத்தே போடுகிறார்கள். அளவு அதில் நேரடியாக வருவதே இல்லை. ஒரே ஸ்டேஜ் என்று சீட்டு ஒட்டிய இருவரில் ஒருவர் குரலோடு வீட்டுக்குப் போவதும், இன்னொருவர் குரல்வளையை எடுக்கும் ஆபரேஷனுக்குத் திரும்பி வருவதும் இதனால்தான்.

இதை ஒரு சட்டமாக்கிவிடாதீர்கள். அடிநாக்கு, டான்சில் பகுதிகளில் எச்.பி.வி. வைரஸால் வரும் புற்று ஒன்று உண்டு. கழுத்தில் பெரிய பெரிய நெறிகட்டிகளோடு வரும். ஆனாலும் கரண்டுக்கு நன்றாகக் கரையும். ஆங்கும் குழுவினரும் 2010இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், அந்த வகையினரில் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 82 சதவீதம், வைரஸ் இல்லாதவர்களில் 57. அங்கே பிறந்த நம்பிக்கையான எண்களை இங்கே அப்படியே தூக்கிக்கொண்டு வருவது சரியில்லை. நம் ஊரில் பெரும்பாலானவை புகையிலையும் பாக்கும் பெற்ற பிள்ளைகள். இன்னொன்று: கன்னம், ஈறுப் புற்றுக்கு இங்கே முதல் சிகிச்சை ஆபரேஷன். கரண்ட் அதற்கப்புறம். கட்டியை எடுத்தபிறகு மிஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கூட்டங்கள் என்பதால் முப்பது சிட்டிங், 60 கிரே போதுமாக இருக்கிறது. ஹூஸ்டனில் கதிர் மருத்துவர் கில்பர்ட் ஃபிளெட்சர் பல்லாண்டுகளாக அழுத்திச் சொன்னதும் அதுதான்: மிச்சம் கொஞ்சமென்றால் கதிரும் கொஞ்சம் போதும். பெரிய கட்டிக்குக் கதிரோடு மருந்தையும் கூட்டுவது இன்னொரு வழி. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970களிலேயே கன்னப் புற்றுக்கு ப்ளியோமைசினைக் கரண்டோடு சேர்த்துச் சோதித்தார்கள். இப்போது அந்த இடத்தில் சிஸ்பிளாட்டின். அதை வாரம் ஒருமுறை குறைந்த அளவில் கொடுப்பதா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழு அளவில் கொடுப்பதா என்ற கேள்வியை 300 பேரை வைத்துச் சோதித்தது நம் பரேல்தான். டாட்டாவின் அந்த ஆய்வு 2018இல் வெளியானது. இரண்டாண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் வாராந்தர மருந்தில் 58.5 சதவீதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்தில் 73.1. இரண்டாவது முறை உடம்பைப் படுத்தும், அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை அளவைப் பேசினேன். இனி காலம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான், வேறு வேறு அளவுகோலில் எழுதியிருக்கிறோம்.

டென்மார்க்கில் ஜென்சனும் சகாக்களும் 61 நோயாளிகளுக்கு, நோய் கண்ட அன்று எடுத்த ஸ்கேனையும் கரண்ட் தொடங்கும்முன் எடுத்த ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இடையில் சுமார் நாலு வாரம். 62 சதவீதம் பேருக்குக் கட்டி அளக்கக்கூடிய அளவு வளர்ந்திருந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கழுத்தில் புதிதாக நெறிகட்டியிருந்தது. இது 2007இல் வெளியான கணக்கு, டென்மார்க்கில், எல்லாம் முறையாக நடக்கும் ஒரு நாட்டில். தாராவியில் கணக்குப் போடுங்கள். வாயில் புண் வந்து அது சூடு என்று ஒரு மாதம். மெடிக்கலில் வாங்கிய பி-காம்ப்ளெக்ஸும் ஜெல்லும் ஒரு மாதம். பல் ஆடுகிறது என்று பிடுங்கிவிட்டு, பிடுங்கிய குழி ஆறவில்லை என்று இன்னொரு மாதம். இதில் நடுவில் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய் நாட்டுவைத்தியம் பார்த்து வருவதும் உண்டு. கடைசியில் சயான் ஆஸ்பத்திரி, அங்கிருந்து பயாப்ஸிக்குக் காத்திருப்பு, அப்புறம் வேறு இடம். வசதியுள்ள மாட்டுங்காக்காரருக்கும் அதே புண்தான் வருகிறது. ஆனால் அவர் ஆறு மாதத்துக்கொருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறக்கிறவர். தினக்கூலிக்காரர் அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போயிற்று. என் திட்டத் தாள்களில் சிசி எண்ணைப் பார்த்தே முகவரியை ஓரளவு ஊகித்திருக்கிறேன். அது பெருமைப்படும் திறமையில்லை.

சரி, சிகிச்சை தொடங்கிவிட்டது. அதோடு காலத்தின் வேலை முடியவில்லை. அடி வாங்கிய கட்டியின் மிச்ச அணுக்கள், சுமார் நாலு வாரத்துக்குப் பிறகு முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். விதர்ஸ் என்ற ஆய்வாளர் 1988இல் பல மருத்துவமனைகளின் கணக்குகளை அலசி, அந்தக் கட்டத்தில் ஒரு நாள் தள்ளிப்போனால் கொடுத்த கதிரில் 0.6 கிரே வீணாகிறது என்று மதிப்பிட்டார். நம் பழைய காகிதக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். ஏழு நாள் இடைவெளி விட்டால் 4.2 கிரே, அதாவது இரண்டு சிட்டிங் போயிற்று. இரண்டு சிட்டிங் என்பது இரண்டு முறை இரட்டிப்பு. ஐந்தாவது வாரத்தில் ஒரு வாரம் மட்டம் போட்டவரின் 5 சிசி கட்டி, மட்டம் போடாதவரின் 20 சிசி கட்டிக்குச் சமமாகிவிடுகிறது. ஏழே நாளில், நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சைக்கு மூன்றில் இரண்டு பங்கு வழி.

இந்த ஒரு வாரம் எப்போது போகிறது தெரியுமா? மூன்றாவது நாலாவது வாரத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். கட்டி கண்ணுக்குத் தெரியக் கரையும்; வாய் முழுக்கப் புண்ணாகும். வடாலா ட்ரக் டெர்மினலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், கண்ணாடியில் வாயைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "கட்டிதான் கரைஞ்சிட்டே சார், இன்னும் எதுக்கு வைக்கணும்? தண்ணி குடிச்சாலே எரியுது. வேலைக்குப் போவாண்டாமா?" கரைந்தது கண்ணுக்குத்தான் என்று அவருக்கு விளக்க, ஒரு துண்டுத் தாளில் பாதி, பாதியில் பாதி என்று வட்டம் போட்டுக் காட்டினேன். பதினைந்தாவது சிட்டிங்கில் முப்பதாயிரத்தில் ஒன்றுதான் உயிரோடிருக்கும், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அவர் கட்டியில் அப்போதும் லட்சக்கணக்கில் மிச்சம் இருந்தது. அவர் மூக்குவழிக் குழாய் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். குழாய் என்றால் கடைசிக் கட்டம் என்று அக்கம்பக்கம் பேசும். உண்மையில் எடை குறையாமல், நாள் தவறாமல் கோர்ஸை முடிக்கத்தான் அந்தக் குழாய்.

காலத்தைச் சுருக்கினால் பலன் கூடுமா என்று நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஆசியா, ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என ஒன்பது மையங்களில் சர்வதேச அணுசக்தி முகமை நடத்திய ஆய்வு, ஓவர்கார்டின் தலைமையில் 2010இல் வெளியானது. மொத்தக் கதிர் அதே. வாரம் ஐந்து சிட்டிங்குக்குப் பதில் ஆறு. ஐந்தாண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். புதிய மருந்து இல்லை, புதிய மெஷின் இல்லை, வாரத்துக்கு ஒரு சிட்டிங் கூட்டினார்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கும் கணபதிக்கும் நாலு நாள் பிரிவு மூடினால் என்ன ஆகும் என்று இதைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

மெஷின் பக்கமும் பார்க்க வேண்டும். 2005இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் என்ற கோபால்ட் மெஷின், டாட்டாவின் கார்கர் மையத்தில் முதன்முதலாக நிறுவப்பட்டது. வெளிநாட்டு லினாக் கதிர் மெஷின்களை வாங்க வழியில்லாத மாவட்டங்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கோபால்டின் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டுதான். மாதத்துக்கு ஒரு சதவீதம் வீரியம் குறையும். பழைய சோர்ஸில் (மெஷினுக்குள் இருக்கும் கோபால்ட்) அதே 2 கிரேயைக் கொடுக்க இரண்டு மடங்கு நேரம் படுக்கவைக்க வேண்டும், ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகள் குறைவார்கள், வரிசை நீளும், வரிசையில் நிற்பவர்களின் கட்டி வளரும். சோர்ஸ் மாற்ற டெண்டர் விட்டு ஒப்புதல் வாங்குவதற்கும் ஒருவர் தொண்டையிலுள்ள சிசிக்கும் இப்படித் தொடர்பு உண்டு. பத்து லட்சம் பேருக்கு ஒரு மெஷினாவது வேண்டும் என்பது பழைய பரிந்துரை. இந்தியா இன்னும் அதை எட்டவில்லை.

இயற்பியல்காரன் என்றாலும் எனக்கு மெஷினைவிட டார்ச் லைட்டில் நம்பிக்கை அதிகம். திருவனந்தபுரத்தில் 1996 முதல் சங்கரநாராயணனும் குழுவினரும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வெளிச்சம், கண், அவ்வளவே. 2005இல் வந்த முடிவு: புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. நம் மும்பையிலேயே 1998 முதல் டாட்டாவின் ஆட்கள் குடிசைப்பகுதிகளில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, மார்பகப் புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் இதேபோலப் பரிசோதனை நடத்தினார்கள். கருப்பைவாய்ப் புற்று மரணம் 31 சதவீதம் குறைந்தது. பத்தாவது படித்த ஒரு பெண் சில வாரப் பயிற்சியில் செய்ய முடிகிற காரியம் இது.

ஆகவே இந்தப் பேட்டைச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கொருமுறை கண் முகாம் நடத்துகிறீர்கள். அதே பந்தலில் ஒரு பல் டாக்டரையும் உட்காரவையுங்கள். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். முடியாதவர் பெரும்பாலும் பாக்குக்காரர், தாடை இறுகத் தொடங்கிவிட்டது. மூன்று வாரமாக ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வலிக்காத நெறிகட்டி. இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதி, கூட ஓர் ஆளையும் அனுப்புங்கள். சீட்டு மட்டும் கொடுத்தால் சட்டைப்பையில் கிடக்கும். ஏற்கெனவே கரண்ட் வைத்துக்கொண்டிருப்பவர் உங்கள் சால் குடியிருப்பில் இருந்தால், அவர் எந்த நாளாவது தவறவிட்டால் ஆஸ்பத்திரியில் உடனே சொல்லச் சொல்லுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு சிட்டிங் வைத்தோ, சனிக்கிழமை வரச்சொல்லியோ ஈடுகட்ட வழியிருக்கிறது. கடைசி வாரத்தில் சொன்னால் அந்த வழி அடைபட்டிருக்கும்.